மூன்றாம் கம்பி

பகாவிலிருந்து பதினேழு கிலோமீட்டர்.
கப்சாயின் கூடையில் ஸ்க்ரூ டிரைவர், சாமணம்,
ஒரு தீப்பெட்டி நிறைய ஜம்பர்கள்.
புக்கிட் செராயா தோட்ட ஆபீசில்
கம்ப்யூட்டர் உறைந்துபோகிறதாம்,
சில மாலைகளில்.

சில என்றால் எத்தனை?
தராசுக் கிராணி குணவதி
ரசீதுக் கட்டின் பின்பக்கத்தைத் திருப்பினாள்:
இந்த மாதம் ஆறு, போன மாதம் ஒன்பது,
எல்லாம் நாலு மணிக்கு மேல்.
மழை என்றார் மானேஜர்.
கரண்டு என்றார் மண்டோர்.
குலை வெட்டும் அஞ்சப்பன்
வாசல் நிலையில் சாய்ந்திருந்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

மூடியைக் கழற்றினேன்.
செம்மண் தூசி, பல்லி முட்டையின் ஓடு,
அடுத்தடுத்த பள்ளத்தில் இரண்டு அட்டைகள்.
ஒன்று, லாரி ஏறி நின்றதும்
எடையை உள்ளே கொண்டுவருவது.
மற்றது மோடம்.
நாலேகாலுக்குக் கோலாலம்பூர் கூப்பிடும்,
அன்றைய கணக்கைக் கேட்கும்.
செப்டம்பரில் பொருத்தியது.
நான் இல்லை, சிரம்பான் கடைக்காரன்.

செயலி தன் வேலையில் மூழ்கியிருக்கும்.
யாராவது தொட்டுக் கூப்பிட்டால்தான் திரும்பும்.
கூப்பிட ஆளுக்கொரு கம்பி:
ஒன்றில் விசைப்பலகை,
ஆறில் பிளாப்பி, ஏழில் பிரிண்டர்,
மூன்றில் தராசு.
மூன்றில்
மோடமும்.

ஒரே மணிக்கயிறு.
ஒருவன் இழுத்துப் பிடித்தபடி நின்றால்
இன்னொருவன் தொங்கினாலும்
மணிக்குத் தெரியாது,
அது ஏற்கெனவே அடித்துவிட்டது.

திரை உறையும்.
பின்னால் ஹார்ன் அடிப்பார்கள்.
ஆ கியோங் லாரியை இறக்கி ஆலைக்குப் போய்விடுவான்.
அணைத்துப் போட்டால்
அந்த வரியில் சுழியம்.
சம்பளம் வரியைப் பார்த்துத்தான் போடுவது.

"இருநூத்தி பன்னெண்டு கொலை,"
அஞ்சப்பன் முதல்முறை வாயைத் திறந்தார்.
"எண்ணத் தெரியலேன்னாங்க."
மானேஜர் பேனாவின் மூடியைத்
திறந்து மூடினார், திறந்து மூடினார்.

மோடத்தை வெளியே இழுத்தேன்.
அரிசி அளவில் ஒரு கறுப்புத் தொப்பி,
சாமணத்தில் இருமுறை நழுவியது,
ஒருமுறை மேசைக்கடியில் தவழ்ந்து தேடினேன்.
மூன்றின் முள்ளிலிருந்து
ஐந்தின் முள்ளுக்கு.
ஐந்தில் யாரும் இல்லை.
அது பாட்டுக் கேட்பவர்கள் வீட்டில்
பாட்டு அட்டை உட்காரும் இடம்,
தோட்டக் கணக்குக்கு எதற்குப் பாட்டு.
மென்பொருளிலும் எண்ணை மாற்றினேன்.
அதை மறந்துவிட்டு
இரண்டு மணி நேரம் அழுத நாள்கள் எனக்குண்டு.

நாலேகால்.
ஆ கியோங்கை மேடையில் ஏறச் சொன்னேன்.
கோலாலம்பூர் கூப்பிட்டது.
காதுக்குள் எறும்பு புகுந்ததுபோல் மோடம் கீச்சிட்டது.
நான் மூச்சை விடவில்லை என்பதை
அப்புறம்தான் கவனித்தேன்.
திரையில் மெதுவாக, ஆனால் வந்தது:
ஒன்பதாயிரத்து நானூற்று எண்பது.
கோலாலம்பூரும் தன் பங்கை வாங்கிக்கொண்டது.

பாரத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம்.
"பழுது நீங்கியது, அவ்வளவு எழுதினால் போதும்"
என்றார் மானேஜர், தன்மையாகத்தான்.
அவர் கடைக்கு நல்ல வாடிக்கை.
என் முதலாளிக்கு
இந்தத் தோட்டத்தில் மட்டும் ஏழு கம்ப்யூட்டர்.

கார்பன் தாள் மூன்றடுக்கு.
அழுத்தி எழுதினேன், கடைசித் தாளிலும் விழும்படி:
செப்டம்பர் முதல், மூன்றாம் கம்பியில் இருவர்.
மோடம் பேசும்போது வந்த லாரியின் எடை
பதிவாகியிருக்காது.

நாற்பத்தைந்து வெள்ளி.
ரோஜா நிறப் பிரதி குணவதிக்கு.

"போனதெல்லாம் உள்ளே எங்கயாவது இருக்குமா?"
என்று அஞ்சப்பன் பெட்டியைக் குனிந்து பார்த்தார்.
இல்லை. கேட்காத மணியை
எந்த இரும்பும் எழுதி வைப்பதில்லை.

"ஆலையிலயும் தராசு இருக்கு," என்றாள் குணவதி,
யாரையும் பார்க்காமல்.
ரசீதுக் கட்டைத் திருப்பி
அந்தப் பதினைந்து நாள்களையும்
வேறொரு தாளில் இறக்கத் தொடங்கியிருந்தாள்.
"தேதி போதுமா?
மணியும் வேணுமா?"

ஹெல்மெட்டை மாட்டியபடி சொன்னேன்:
மணியும்.